மாதேவியின் மார்க்ஸ் கார்டு

மைசூர்
2-6-1997

என் அருமை அக்கா ராமக்காளுக்கு,

மைசூர் மகாநகரம், ஹெப்பால் தொழிற்பேட்டை, ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசரும் உன் உடன்பிறந்த தம்பியுமான வேலாயுதம் எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உங்களுக்கு ஏதாவது இருந்தாலும் இதைப் படித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

முதலில் உன் மகளைப் பற்றி. மாதேவி இப்போது காலர் தைக்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு காலர். அவள் தைத்த காலரை அமெரிக்காவில் ஒரு மந்திரியே போட்டிருப்பதாகப் பேக்கிங் செக்‌ஷன்காரர் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஹாஸ்டல் மூன்று மாடி. சரி, இரண்டு மாடி. மூன்றாவதை எழுப்பப் போகிறார்கள். அறுபத்திரண்டு பெண்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்தக் கேட்டை யார் பூட்டுவது என்று நினைக்கிறாய்? உன் தம்பிதான். சாவி என் இடுப்பில். நான் திறந்தால்தான் காலையில் இந்தக் கம்பெனிக்கே விடியும்.

அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டைப் பற்றிப் போன தடவை கேட்டிருந்தாய். கவலையே வேண்டாம். மேனேஜர் மஞ்சுநாத் சாருடைய ரூமில் ஆள் உயர இரும்புப் பெட்டி, அதற்குள் இருக்கிறது. போன வருஷம் நானே மஞ்சள் பையில் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். மூன்று வருஷம் முடிந்ததும் அவரே திருப்பித் தருவார். அரண்மனையில் மகாராஜா நகைகூட இவ்வளவு பத்திரமாக இருக்காது.

இன்னொரு சேதி. நாங்கள் தைப்பதை வாங்குகிற அமெரிக்கக் கம்பெனி ஒரு சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறது. அதற்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டு, என் ஸ்டூலுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பதினொரு வரி, முழுக்க இங்கிலீஷ். தினமும் ஈரத்துணியால் நான்தான் துடைக்கிறேன். இங்கிலீஷ்தான் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே, உனக்காகச் சுருக்கிச் சொல்கிறேன்: யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, சுத்தமாக இருக்க வேண்டும், எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இருபத்துநான்காம் தேதி ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருகிறாள். யாரை நம்பி வருகிறாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மச்சானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
வேலாயுதம், செக்யூரிட்டி ஆபீசர்


மார்டள்ளி
9-6-1997

வேலாயுதத்துக்கு அக்கா எழுதுவது.

கடிதம் வந்தது. வழக்கம்போல் பாதியைக் கழித்துவிட்டு மீதியைப் படித்தேன். உன் மச்சான் மல்லப்பன், "அதுலயும் பாதியக் கழிச்சுப் போடு, அப்பத்தான் கணக்குச் சரியா வரும்" என்கிறார்.

இப்போது நான் எழுதுவதில் கழிக்க ஒன்றுமில்லை. கவனமாகப் படி.

மாதேவி பத்தாவது முடித்ததும் கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டாளே, நினைவிருக்கிறதா? கிடைக்கவில்லை என்றுதான் உன்னோடு அனுப்பினேன். நேற்று அங்கிருந்து தபால் கார்டு வந்திருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது. சாப்பாடும் தங்குவதும் அவர்களுடையது. ஜூலை பத்தாம் தேதிக்குள் அவளே நேரில் வர வேண்டும், ஒரிஜினல் மார்க்ஸ் கார்டு கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். தேதி தவறினால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எனக்கு மண்வெட்டி பட்டுக் கால் கிழிந்தபோது உன் மச்சான் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைதான் வெந்நீர் வைத்து, துணி கிழித்து, "ஏம்மா, கண்ண மூடிக்க, நான் பாத்துக்கறேன்" என்றது. அவளுக்கு வேறு எதிலும் ஆசை இருந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கும் எழுதினேன். பதில் இல்லை. ஹாஸ்டலுக்கு வருகிற தபாலை வார்டன் பிரித்துப் பார்ப்பாள் என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். அதனால் நீயே வாயால் அவளிடம் சொல்லு. கார்டை வாங்கு. அவளைக் கூட்டிக்கொண்டு வா.

உன்னைக் கேட்காமல் அந்த மேனேஜர் காபிகூடக் குடிக்க மாட்டார் என்று பொங்கலுக்கு வந்தபோது ஊர் முழுக்கச் சொன்னாய். அந்தக் காபிக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

அக்கா


மைசூர்
15-6-1997

அக்காவுக்கு,

நர்ஸ்! நம் குடும்பத்தில் ஊசி போடுகிற கை! கடிதம் கிடைத்ததும் கேட்டில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டாக்டருக்கு அடுத்த படி என்று சொன்னேன். சில பேரிடம் டாக்டர் என்றே சொல்லிவிட்டேன். இதில் என்ன வந்தது, எல்லாம் ஒரே ஆஸ்பத்திரிதானே.

அன்றைக்கே மேனேஜர் ரூமுக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை. எனக்கும் அவருக்கும் அதெல்லாம் கிடையாது. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல், "மூணு வருஷம்னு கையெழுத்துப் போட்டாச்சு வேலாயுதா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஒருத்திக்குக் கொடுத்தா அறுபத்திரண்டு பேரும் கை நீட்டுவாங்க. நீனு கேட் நோடிக்கோ, சாகு" என்றார். நீ கேட்டைப் பார்த்துக்கொள் என்கிறார்; கன்னடத்தில் சாகு என்றால் போதும் என்று அர்த்தம். இதை அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள். வேறு ஆளாக இருந்தால் அவருடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் உன் தம்பி ஒரு வழி அடைத்தால் ஒன்பது வழி திறப்பவன். நேற்று மாதேவி குடிதண்ணீர் பிடிக்கக் கேட் பக்கம் வந்தாள். ஆஸ்பத்திரிக் கார்டைப் பற்றிச் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைந்தது, அவள் குழாயை மூடவே இல்லை.

"நெசமாவா மாமா?"

"அம்மா கையெழுத்துல வந்திருக்குது கண்ணு."

"மேனேஜர் தருவாரா?"

"அவரு கெடக்கறாரு. இருபத்திநாலாம் தேதி வெள்ளக்காரம்மா வருது. புள்ளைங்க ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்புட்டுக் கேக்கப் போகுது. அதுகிட்ட நேராச் சொல்லிப் போடு."

"சொன்னா எனக்கு ஏதும் ஆகாதா மாமா?"

"அவங்க சட்டமே அதுதான் கண்ணு. மாமா பக்கத்துலயே நிப்பேன்."

இந்த ஒரு வருஷத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நேற்றுத்தான் பார்த்தேன். நீ மச்சானிடம் சொல்லி ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வை. நர்ஸ் படிக்கப் போகிற பிள்ளை மஞ்சள் பையோடு போகக் கூடாது.

இப்படிக்கு,
வேலாயுதம், தலைமை செக்யூரிட்டி ஆபீசர்


மைசூர்
26-6-1997

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படி. மச்சானும் கேட்கட்டும், பக்கத்து வீட்டிலும் கேட்கட்டும்.

வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். ஏழடி உயரம். ஆறு என்று வைத்துக்கொள். ஒரு வாரமாகவே இங்கே கல்யாண வீடுதான். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு, கக்கூஸுக்கெல்லாம் புதுச் சோப்பு, தையல்காரப் பெண்களுக்கெல்லாம் தலைக்குத் துணித் தொப்பி. ஹாஸ்டல் கேட்டுப் பூட்டைக் கழற்றி என்னுடைய சோற்றுப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தம்மாளுக்குப் பூட்டைக் கண்டால் ஆகாதாம்.

வந்தவள் முதலில் என் ஸ்டூலுக்குப் பின்னால் இருக்கிற சட்டத்தைத்தான் பார்த்தாள். கண்ணாடி பளபளவென்று இருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு கான்டீனில் உட்கார்ந்துகொண்டு, ஆபீஸ்காரர் ஒருவர்கூட உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மஞ்சுநாத் சாரே வெளியே போனார். அங்கேதான் சிக்கல். அவளுக்குப் பேச்சை மாற்றிச் சொல்ல ஏற்பாடு செய்திருந்தது காலேஜ் டீச்சர் அன்னபூர்ணி அம்மாளை. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் தெரிந்தவர். அவர் சரஸ்வதிபுரத்திலிருந்து வர வேண்டும், பஸ் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரி வாட்சைக் காட்டி, அரை மணி நேரம் பார்க்கலாம் என்கிற மாதிரி ஏதோ சொன்னாள்.

எதற்கு அரை மணி? நான் எதற்கு இருக்கிறேன்? முன்னால் போய் நின்றேன். "நோ வெயிட் மேடம். ஐ இங்கிலீஷ். கேட் மேன், நோ ஆபீஸ்" என்றேன். அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். நான் ஆபீஸ் ஆள் இல்லையே, தொழிலாளிதானே, அது அவளுக்குப் பிடித்துவிட்டது. கை கொடுத்தாள் அக்கா. ஆட்டின கை இன்னும் வலிக்கிறது.

பன்னிரண்டு பெண்களை விசாரித்தாள். ஒரு மணி நேரம் இங்கிலீஷைக் கொட்டினேன். இவர்கள் சொல்வதை அவளுக்கு, அவள் சொல்வதை இவர்களுக்கு. வெள்ளைக்காரியைப் பார்த்த சந்தோஷத்தில் நம் மாதேவிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஏன் அழுகிறாள் என்று அந்தம்மாள் கேட்டாள். நான் விளக்கினேன். எழுதிக்கொண்டாள்.

டீச்சரம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அந்தம்மாளுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் மஞ்சுநாத் சார் என் முதுகில் தட்டி, ஒரு சட்டைத் துணி கொடுத்தார்.

கார்டு விஷயம் பேச்சில் இருக்கிறது.

இப்படிக்கு,
வேலாயுதம், மொழிபெயர்ப்பு ஆபீசர்


மார்டள்ளி
3-7-1997

வேலாயுதம்,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாய். படித்தேன். பக்கத்து வீட்டிலும் கேட்டார்கள். அந்த வீட்டுப் பாக்கியலட்சுமி காமாலையோடு முந்தாநாள்தான் உங்கள் கம்பெனியிலிருந்து வந்து பாயில் கிடக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தபடியே, "அத்தை, அதைப் படிக்காதீங்க, நிறுத்துங்க" என்று கத்தினாள்.

அவள் அன்றைக்குத் தன் முறைக்காக மாதேவிக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ இல்லை என்று சொல்லு, நான் நம்பத் தயாராக இருக்கிறேன்.

"மாதேவி அழுவாமத்தான் ஆரம்பிச்சா அத்தை. 'எனக்கு நர்ஸ் படிக்க எடம் வந்திருக்குது, என்ற மார்க்ஸ் கார்டை மேனேஜர் பெட்டியில வெச்சிருக்கறாரு, கேட்டாத் தரமாட்டீங்கறாரு, எங்களை வெளிய உடறதில்ல, ஆறரைக்கு வெளிய பூட்டுப் போட்டுடறாங்க, பத்தாந் தேதிக்குள்ள போவோணும், சொல்லுங்க மாமா' அப்படின்னா. அந்தம்மா பேனாவைப் புடிச்சுட்டு மாமா வாயவே பாத்துட்டு இருந்துச்சு. மாமா, 'ஹேப்பி மேடம், வெரி ஹேப்பி' அப்படின்னாரு. மாதேவிக்கு மொகம் செத்துப் போச்சு. மறுக்காவும் சொன்னா. அப்பத்தான் அழுவ வந்துச்சு. தானே இங்கிலீஷ்ல சொல்லலாம்னு வாயத் தெறந்தா, வார்த்தை கூடி வரல. அந்தம்மா ஏன் அழுவறான்னு கேட்டுச்சு. மாமா, 'ஹேப்பி, நோ ப்ராப்ளம்' அப்படின்னு போட்டு அனுப்பிச்சுட்டாரு."

பத்தாவது படித்தவளுக்கு ஹேப்பி என்றால் என்னவென்று தெரியாதா வேலாயுதம்? இங்கிலீஷ் படிக்காத எனக்கே தெரிகிறது, வருஷப் பிறப்புக் காலண்டரில் போட்டிருக்கிறான்.

இன்னும் ஏழு நாள் இருக்கிறது. அந்தக் காலேஜ் டீச்சரைத் தேடிப் போ. போலீஸுக்குப் போ. மேனேஜர் காலில் விழு. உன் இடுப்பிலே இருக்கிற சாவியாலே கேட்டைத் திறந்து அவளையாவது வெளியே விடு, கார்டுக்கு ஆஸ்பத்திரியில் கெஞ்சிக்கொள்கிறேன். எதையாவது செய். கதை மட்டும் எழுதாதே.

அக்கா


மைசூர்
7-7-1997

அக்காவுக்கு,

தபாலில் போட்டால் தாமதமாகும் என்று கொள்ளேகால் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் எனக்குப் பழக்கம், எனக்காக மார்டள்ளி வரைக்கும் பஸ்ஸையே திருப்பிக் கொண்டுவருவான்.

பாக்கியலட்சுமிக்குக் காய்ச்சல். காய்ச்சலில் கேட்டதை வைத்துக்கொண்டு நீ உடன்பிறந்தவனைப் பேசக் கூடாது. இங்கிலீஷ் என்பது நம் பேச்சு மாதிரி இல்லை. எடுத்த எடுப்பில் குறை சொன்னால் அது மரியாதையில்லாத பாஷை ஆகிவிடும். முதலில் நல்லதைச் சொல்லி, பிறகு மெல்லத்தான் இறங்க வேண்டும். நான் இறங்குவதற்குள் அந்தம்மாளுக்கு நேரமாகிவிட்டது.

போகட்டும். நேற்று நானே தந்தி ஆபீசுக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு ஒரு தந்தி அடித்துவிட்டேன். பெண் வருகிறாள், கார்டு வருகிறது, ஒரு வாரம் பொறுக்கவும் என்று. மைசூரிலிருந்து தந்தி வந்தால் பெரிய இடம் என்று பொறுப்பார்கள். நீ பத்தாம் தேதி போய் என் பெயரைச் சொல்லு, போதும்.

டீச்சரம்மாள் வீடு தெரியும், விசிட்டர் நோட்டில் விலாசம் இருக்கிறது. போகலாம். அவர் என்ன நினைப்பாரோ என்றுதான் பார்க்கிறேன். கேட்டைத் திறந்துவிடச் சொல்கிறாய். திறந்தால் நாளைக்கு என் வேலை? எனக்கு வேலை போனால் அவளுக்கு இங்கே யார் துணை?

மாதேவி பத்து நாளாகக் கேட் பக்கம் வருவதில்லை. தண்ணீர் பிடிக்க வேறு பெண்ணை அனுப்புகிறாள். வேலை அதிகம் போல.

வேலாயுதம்


மார்டள்ளி
12-7-1997

வேலாயுதத்துக்கு,

பத்தாம் தேதி விடிகாலை முதல் பஸ்ஸில் போனேன். காட்டுச் செக்போஸ்டில் எல்லோரையும் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்தார்கள். என் பையில் ஜெராக்ஸ் ஒன்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மரியாதையாகப் பேசினார்கள். தந்தி எதுவும் வரவில்லை என்றார்கள். இன்னொரு தடவை பாருங்கள் தாயி என்றேன். அந்தம்மாள் எனக்காக மேசை இழுப்பறையைக்கூடத் திறந்து பார்த்தாள். சாயங்காலம் நான்கு மணி வரை உட்காரவிட்டார்கள். நான்கு மணிக்கு ஹனூரிலிருந்து ஒரு பெண் அவளுடைய அப்பாவோடு வந்தாள். பட்டியலில் அடுத்த பெயராம். முந்தின நாளே சொல்லி வரவழைத்திருக்கிறார்கள். அவள் உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்து வந்தேன்.

நீ இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராமக்காள்


மைசூர்
30-8-1997

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

தந்தி அடிக்கவில்லை. தந்தி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே இங்கிலீஷில் ஒரு ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே என்னைத் தெரிந்த ஒரு டிரைவர் நின்றான். அவனிடம் ஃபாரம் நிரப்பித் தரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

எழுத வேண்டாம் என்ற உன் கடிதம் வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஸ்டூலுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி, பஸ்ஸில் சரஸ்வதிபுரம் போனேன். அன்னபூர்ணி டீச்சர் வீட்டில்தான் இருந்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கம்மா" என்றேன். "நீங்கதான் அன்னிக்கு எனக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டேளாமே?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

நாலாவது வரி: வேலை செய்பவருடைய சர்ட்டிஃபிகேட்டையோ வேறு காகிதத்தையோ கம்பெனி பிடித்து வைக்கக் கூடாது. ஐந்தாவது: வேலை செய்பவர் எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம், தங்கும் இடத்தை வெளியே பூட்டக் கூடாது. இரண்டு மாதத்துக்கு மேலாக அது என் தலைக்கு மேலே தொங்கியது. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை அக்கா. அது நானாகச் சேர்த்தது.

பெட்டியில் இருக்கிற கார்டைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் நான் சொல்ல, டீச்சர் அந்த வெள்ளைக்கார அம்மாளுக்குக் கடிதம் போட்டார். இந்த மாதம் இருபதாம் தேதி அவள் மறுபடியும் வந்தாள், சொல்லாமல் வந்தாள். பூட்டு கேட்டிலேயே இருந்தது. கான்டீனில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். டீச்சர் என்னைப் பார்த்து, "ஜூன் மாசம் இந்தப் பொண்ணு சொன்னதை நீங்க அப்படியே சொன்னேளா?" என்று கேட்டார். அறுபது பேர் இருந்தார்கள். மஞ்சுநாத் சார் கதவுக்கு வெளியே நின்றார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கம்மா. அன்னைக்குச் சொன்னதெல்லாம் நானாச் சொன்னதுங்க" என்றேன். பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானமே இரும்புப் பெட்டியைத் திறந்து எல்லோருடைய கார்டையும் கொடுத்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலாம் நாள் அமெரிக்காக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். இனி இந்தக் கம்பெனிச் சட்டை வேண்டாமாம். சட்டத்தை மீறியதற்குத் தண்டனையாம். தண்டனை யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு தையல் லைனை மூடி, ஹாஸ்டல் பெண்களை அன்றைக்கே போகச் சொன்னார்கள். சில பெண்கள் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள். வேலை இருந்ததால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது என்று சொன்னார்கள். ஒரு பெண் என் முகத்துக்கு நேராகவே, "உங்க வாயி அன்னைக்கும் கெடுத்துச்சு, இன்னைக்கும் கெடுத்துச்சு" என்றாள். எனக்கும் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மூட்டைக் கிடங்கில் காவலுக்கு இருக்கிறேன்.

மாதேவி பெட்டியோடு வெளியே வந்தபோது கேட்டை நான்தான் திறந்தேன். கொள்ளேகால் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஆளிடம் கேட்டுக்கொண்டு போனாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். எஸ், நோ, வெயிட், குட், ஹேப்பி, நோ ப்ராப்ளம். லாரி வரும்போதும் போகும்போதும் கற்றுக்கொண்டது. மாதேவி சொன்னதைச் சொல்ல அதில் வார்த்தை இல்லை. இருந்ததைச் சொன்னேன். எனக்கு வார்த்தைதான் இல்லை அக்கா, மனசு இல்லாமல் இல்லை. இதை அவளிடம் எப்படியாவது சொல்லு.

வேலாயுதம்


மார்டள்ளி
9-9-1997

வேலாயுதத்துக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மாதேவியிடம் நான் சொல்லவும் இல்லை. அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

வந்த மறுநாளே அவள் கார்டை எடுத்துக்கொண்டு தனியாகக் கொள்ளேகாலுக்குப் போனாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். இந்த வருஷத்து இடம் நிரம்பிவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து பத்தாவதுக்கு மேலே பி.யூ.சி. முடித்தவர்களைத்தான் எடுப்பார்களாம். இனிமேல் இரண்டு வருஷம் படிக்க வைக்க உன் மச்சானால் முடியாது. அவளும் கேட்கவில்லை. மரவள்ளிக் காட்டுக்கு எங்களோடு வருகிறாள். கொடுத்த வேலையைச் செய்கிறாள். மத்தியானம் பாக்கியலட்சுமிக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்து, கண்ணை இழுத்துப் பார்த்து, மஞ்சள் குறைந்துவிட்டது என்கிறாள்.

கடிதத்தை அவள் நின்றுகொண்டே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நான்தான் பொறுக்கமாட்டாமல் பின்னாலேயே போய், "அவனுக்கு இங்கிலீஷ் தெரியாதாம் சாமி. தெரியாமத்தான அப்படிச் சொல்லிப் போட்டான்" என்றேன். நீ என் தம்பி. எனக்கு அப்படித்தான் பேச வந்தது.

அவள் மாட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா. கேட்டுல நிக்கற எல்லாத்துக்கும் தெரியும். நான் அந்தம்மாகிட்டச் சொல்லல, மாமாகிட்டத்தான் சொன்னேன். தமிழ்லதான சொன்னேன். சந்தோசமா இல்லைன்னு தலையாட்டறதுக்கு என்ன பாஷை வேணும்?"

அதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால், உனக்கு மட்டும் வைத்துக்கொள். எங்களுக்கு எழுத வேண்டாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆள் கேட்டு வந்திருக்கிறார்கள். அங்கேயும் ஹாஸ்டல்தான். பதினெட்டாம் தேதி அவளும் இன்னும் மூன்று பெண்களும் போகிறார்கள். ஒரிஜினல் கேட்டார்கள். தரமுடியாது என்று அவளே அவர்களிடம் சொன்னாள். ஜெராக்ஸ்தான் கொண்டுபோகிறாள்.

மூட்டைக் கிடங்கில் குளிர் அதிகமாக இருக்கும். உன் மச்சானுடைய பழைய கம்பளி இருக்கிறது. பதினெட்டாம் தேதிக்குப் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போ. அதற்கு முன்னால் வராதே.

அக்கா